பழுது பார்ப்பவனின் முகம்

திண்டிவனத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையருகே உள்ள ஒரு சிற்றூர் ஆலயத்தில், சில ஆண்டுகளுக்கு முன்னர் நாங்கள் ஒரு பிழை செய்தோம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய பழஞ்சுவரின் பூச்சு உதிர்வதைக் கண்டு, நன்கொடை திரட்டிச் சுவர் முழுவதும் சிமென்ட் பூசினோம். திருவிழாவன்று ஆலயம் மணப்பெண்போல் பொலிந்தது. இரண்டு மழைக்காலம் சென்றபின் சுவர் வியர்த்தது, உப்புப் பூத்தது, சிமென்ட் பெயர்ந்தபோது செங்கல்லின் மேற்பரப்பும் உடன் பெயர்ந்தது.

பழங்கட்டடங்களைச் சீரமைப்பதையே தொழிலாகக் கொண்ட கட்டடக் கலைஞர் ஒருவர் புதுவையிலிருந்து வந்து பார்த்தார். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் அதன் வாயை அடைத்துவிடும் என விளக்கினார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைக்கத் தெரிந்த முதிய கொத்தனார் ஒருவரைத் தேடிக் கொணர்ந்தார். வேலை முடிந்தபோது அவர் செய்தது எதுவென எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. "இவ்வளவு பணத்திற்கு என்னதான் செய்தார்?" எனப் பங்குப் பேரவையில் கேட்டவர்களுள் நானும் ஒருவன்.

படைக்கும் ஆசையே ஒருவரைக் கட்டடக் கலைக்கு இழுக்கிறது. அவ்வாசையை வாழ்நாளெல்லாம் அடக்கிக்கொள்ளக் கேட்கும் தொழிலன்றோ இது! அங்ஙனம் அடக்குவது கடமைதானா?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தைச் சீரமைத்த வியோலே-லெ-துக் அடக்கிக்கொள்ளவில்லை. முன்னரே கழற்றப்பட்டிருந்த கூர்கோபுரத்திற்கு ஈடாக, தம் கருத்துப்படி அதனினும் உயர்ந்த ஒன்றை எழுப்பினார். அதன் அடியில் நின்ற செப்புச் சிலைகளுள், கட்டடக் கலைஞர்களின் பாதுகாவலரான புனித தோமையாருக்குத் தம் முகத்தையே கொடுத்தார். மற்றத் திருத்தூதர்கள் நகரை நோக்க, இவர் மட்டும் திரும்பி நின்று கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறார். பரங்கிமலையின் தோமையாரை அறிந்த நமக்குச் சிரிப்பு வருவது இயல்பே. ஆயினும் சிதைந்து கிடந்த அப்பேராலயம் அவர் உழைப்பால் நிலைபெற்றதை மறுப்பதற்கில்லை. 2019 ஏப்ரல் 15 அன்று தீயில் அக்கோபுரம் வீழ்ந்தது. சில நாள் முன்னரே சீரமைப்புக்கென இறக்கப்பட்டிருந்ததால் சிலைகள் தப்பின. 2024 டிசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அவர் வடித்த கோபுரமே மறுபடியும் நின்றது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பவர் கை நின்றுவிட வேண்டும் என 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் கூறுகிறது. அவரது ஊகமோ இன்று மரபாகிவிட்டது!

நம் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சிக் கோட்டை இவ்வினாவை இன்னும் கடினமாக்குகிறது. 1597இல் இயேசு சபையின் பிமெந்தா அடிகளார் கண்டது நாயக்கர் செஞ்சி. 1677இல் அது சிவாஜியின் கைக்கு வந்தது. பின்னர் முகலாயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர். 2025இல் மராட்டியப் படைக் கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. எந்தச் செஞ்சியைச் சீரமைப்பது? ஒருவர் காலத்தைத் துலக்கினால் மற்றவர் காலம் மறையாதா?

புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்பவை, பிரெஞ்சியர் காலத்தில் செஞ்சியிலிருந்து கொண்டுபோன கல்தூண்களே. அவற்றைத் திரும்பக் கொணர்வதே நீதி என முன்னர் எண்ணினேன். இன்று அவ்வுறுதி எனக்கில்லை. அவை காந்தியைச் சூழ்ந்து நின்ற காலமும் அவற்றின் வரலாறாகிவிட்டது.

"உங்களிடம் விட்டால் அவற்றைச் செஞ்சியில் திரும்ப நடுவீர்களா, ஐயா?" என்று அக்கலைஞரிடமே கேட்டேன். அவர் நெடுநேரம் ஆலய முகப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணிக்கூண்டில் அரசங்கன்று ஒன்று முளைத்திருக்கிறது. மழைக்கு முன் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள்" என்றார்.