வெண்ணெய்ப்பழம் படையலுக்கு ஆகுமா?

தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைத்தோட்டங்களில் காப்பிச் செடிகளுக்கு நடுவே விளையும் வெண்ணெய்ப்பழம் திண்டுக்கல் கடைகளுக்கு இறங்கி வருகிறது. பெரும்பாலும் பாலும் சர்க்கரையும் சேர்ந்து ஜூஸாகிவிடும். மெக்சிகோக்காரர்களைப் போல மசித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கிப் போட்டு, உப்பிட்டு எலுமிச்சை பிழிந்தால் குவாக்கமோலி. எலுமிச்சை ருசிக்கு மட்டுமில்லை. அதன் புளிப்பு பழம் சீக்கிரம் கறுத்துப்போகாமல் காக்கும்.

இதைச் சாமிக்குப் படைக்கலாமா?

வெங்காயம் முதல் அடியிலேயே தடுக்கும். மிளகாயும்தான்: பழைய கோயில் மடப்பள்ளிகள் பலவற்றில் இன்றும் காரத்துக்கு மிளகுதான். திவசச் சமையலில் தக்காளியைக்கூடத் தொடாத வீடுகள் உண்டு. கடல் கடந்து வந்ததே குற்றமென்றால், பழனி அடிவாரத்து ஆயக்குடிக் கொய்யாவை என்ன செய்வது? அதுவும் அமெரிக்கக் கண்டத்து வரவே. பிள்ளையார் சதுர்த்தித் தட்டில் அதை வைக்க யாரும் யோசிப்பதில்லை. சீத்தாப்பழமும் அப்படியே. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் மலைவாழையோடு பேரீச்சையும் கலக்கிறது. சில தலைமுறை பழகிவிட்டால் பூர்விகத்தை யாரும் விசாரிப்பதில்லை போலும்.

பெரிய சிக்கல் உப்பு. படைக்குமுன் ருசி பார்க்கக் கூடாது என்பது மரபு. குவாக்கமோலியோ நாக்கில் வைத்துப் பார்க்காமல் அமையாது. கண்ணப்ப நாயனார் இறைச்சியைச் சுவைத்துப் பார்த்தே காளத்தியப்பருக்கு ஊட்டினார்; பெரியபுராணம் அதை அன்பின் உச்சமாக வைக்கிறது. அந்தக் கதைக்கு உருகும் பாட்டிகளும், படையல் பாயசத்தில் விரல் விட்ட பேரனை விரட்டத்தான் செய்கிறார்கள்.