வெற்றுத்தாள் உறுதி

யாழ்ப்பாணத்தாருக்குக் காணி என்றால் உறுதி வேண்டும். வேலி ஒரு முழம் தள்ளிப் போனதற்காகத் தலைமுறை கடந்து வழக்காடிய குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. 1990 இல் போரால் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்ட பலர் முதலில் தேடி எடுத்தது காணி உறுதிகளைத்தான். அவற்றில் சில இன்றைக்குக் கனடாவின் ஸ்காபுறோ அலுமாரிகளுக்குள் பொலித்தீன் உறையில் கிடக்கின்றன.

அந்தப் பழக்கத்தில் வந்த எனக்கு, ரொறொன்ரோவின் உறுதியைப் பற்றி வாசித்தபோது சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. 1787 இல் இந்த மண்ணின் முதற்குடிகளான மிசிசாகா மக்களிடம் இந்த நிலத்தை வாங்கிவிட்டதாகப் பிரித்தானிய அதிகாரிகள் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்து ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் வெறும் தாள். எல்லை எது, எத்தனை ஏக்கர், ஒன்றும் எழுதப்படவில்லை. மூன்று தலைவர்களின் குறிகள் மட்டும் தனித் துண்டுகளில் ஒட்டப்பட்டிருந்தன. எங்கள் ஊர் நொத்தாரிசு ஒருவர் இப்படி எழுதியிருந்தால் ஊர் அவரைச் சும்மா விட்டிருக்காது. 1805 இல் புதிதாக எழுதிக்கொண்டார்கள்: 250,830 ஏக்கர், விலை பத்து ஷில்லிங். அந்தக் கணக்கைத் தீர்க்க 2010 ஆயிற்று. கனடா அரசு மிசிசாகா முதற்குடிக்கு 14 கோடியே 50 லட்சம் டொலர் கொடுத்தது.

ரொறொன்ரோவிலேயே நாங்கள் வாழும் ஸ்காபுறோ அந்த உறுதிக்கும் வெளியே. இங்கே பேசப்படுவது 1923 இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள். ஏழு முதற்குடிகள் நிலத்தோடு வேட்டை, மீன்பிடி உரிமைகளையும் இழந்தார்கள். நீதிமன்றம் போகலாமே என்றால், 1927 இல் வந்த சட்டம், அரசின் அனுமதி இல்லாமல் நிலக் கோரிக்கைக்குப் பணம் சேர்ப்பதையே குற்றமாக்கியது. பணம் இல்லாமல் எந்த வழக்கறிஞர் வருவார்? அந்தத் தடை 1951 வரை இருந்தது. இந்த ஏழு குடிகளுக்கும் 110 கோடி டொலரும் மன்னிப்பும் கிடைத்தது 2018 இல்.

இதை எங்கள் ஆட்களிடம் சொன்னால் வரும் பதில் ஒன்றுதான். "அண்ணை, அது வெள்ளைக்காரன் செய்த வேலை. நாங்களே அடிவாங்கி ஓடி வந்தனாங்கள்." அதில் பொய் இல்லை. 1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களுக்கும், முதற்குடிப் பிள்ளைகளை அடைத்து வைத்த வதிவிடப் பாடசாலைகளுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஈட்டில் இருக்கிற காணியை வாங்குகிறவன், கடன் வாங்கினது நான் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. காணியோடு ஈடும் வரும். பிள்ளைகளைப் படிப்பித்ததும், வீடு வாங்கியதும், கோயில் கட்டியதும் இந்த நிலத்தில்தானே.

வதிவிடப் பாடசாலைகளைப் பற்றித் தமிழில் அதிகம் எழுதப்படவில்லை. ஒன்றரை லட்சம் வரையான பிள்ளைகள் தாய் தகப்பனிடம் இருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசினால் அடி என்ற இடங்களில் வளர்க்கப்பட்டார்கள். அங்கே காசநோயில் பிள்ளைகள் சாவதை 1907 இலேயே மருத்துவர் பீற்றர் பிரைஸ் அரசுக்கு எழுதிக் கொடுத்தார். அரசு அறிக்கையை ஒதுக்கி வைத்தது; 1920 இல் பாடசாலைக்குப் போவதைக் கட்டாயமும் ஆக்கியது. அப்போது முதற்குடிகளின் விவகாரங்களுக்கான திணைக்களத்தை நடத்திய டங்கன் கம்பெல் ஸ்கொட் ஒரு கவிஞர். கவிதை எழுதுகிறவர்களைப் பற்றி எனக்கிருந்த மயக்கம் கொஞ்சம் குறைந்தது.

இந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த, உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவைக் கனடாவின் பெருந்தன்மை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படியில்லை. உயிர் தப்பியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 இன் இணக்க உடன்பாட்டில் ஆணைக்குழுவும் ஒரு நிபந்தனை. நீதிபதி மரே சின்கிளேயர் தலைமையில் அது ஊர் ஊராகப் போய் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாட்சியத்தைக் கேட்டது. அழுதவர்கள் கண் துடைத்த தாள்களைக்கூடக் குப்பையில் போடாமல் சேர்த்துப் புனிதத் தீயில் இட்டார்கள். எனக்கு உடனே 2010 இல் கிளிநொச்சியில், போருக்குப் பின் அமைந்த இலங்கை ஆணைக்குழுவின் முன்னால் காணாமல் போனவர்களைக் கேட்டு நின்ற தாய்மார் ஞாபகம் வந்தார்கள். அந்த ஆணைக்குழு அவர்கள் கேட்டுப் பெற்றது அல்ல. அரசு தன் பாட்டில் அமைத்தது. கனடாவின் ஆணைக்குழுவுக்கும் யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்கள் வாதாடி வாங்கிய மேடைக்கும், அரசு போட்டுக் கொடுத்த மேடைக்கும் வித்தியாசம் உண்டு.

2015 இல் கனடாவின் ஆணைக்குழு முன்வைத்த 94 கோரிக்கைகளில் கடைசி இரண்டும் எங்களைப் போன்ற வந்தேறிகளைப் பற்றியவை. குடியுரிமைப் பாடத்திலும் சத்தியப் பிரமாணத்திலும் முதற்குடிகள் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பிரமாணம் 2021 இல் மாறியது. என் காலத்தில் மகாராணிக்கு விசுவாசம், கனடாவின் சட்டத்துக்குப் பணிவு, அவ்வளவுதான். அண்மையில் பிரமாணம் எடுத்த என் பெறாமகள், முதற்குடிகளின் உடன்படிக்கை உரிமைகளையும் சேர்த்துச் சொன்னாள். வெளியே வந்ததும், "சித்தப்பா, இந்த உடன்படிக்கை ஆரோடை ஆர் செய்தது?" என்று கேட்டாள். "அவையோடை அரசு செய்தது. இண்டையிலிருந்து நீயும் அரசின்ரை பக்கம்" என்றேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அரசின் பக்கம் நிற்பது எங்களுக்குப் பழக்கமில்லாத இடம்.

பொங்கல் விழா மேடைகளில் இப்போது, இது முதற்குடிகளின் நிலம் என்று சொல்லும் நில அங்கீகாரம் வாசிக்கிறார்கள். அநேகமாக அவசரம் அவசரமாக. அனிஷினாபே, ஹோடினோஷோனி என்ற பெயர்கள் ஒலிவாங்கியில் படும் பாட்டைக் கேட்டால், எங்கள் பெயர்களை வெள்ளைக்காரர் முறித்துப் போடுகிறார்கள் என்று குறைப்பட நமக்கு வாய் வராது. இருந்தாலும் வாசிப்பது நல்லது. வாசித்த கையோடு எல்லாம் முடிந்தது என்று இருப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒன்ராறியோவின் வடக்கே நெஸ்கன்டாகா என்று ஒரு முதற்குடி ஊர். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள் என்ற அறிவிப்பு அங்கே வந்தது 1995 இல். முப்பது ஆண்டுகள் போயும் அது நீங்கவில்லை. இங்கே தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்து வணக்கம் சொல்வார்கள். நாங்கள் இலங்கையைப் பற்றிக் கேட்போம், கேட்கத்தான் வேண்டும். அடுத்த முறை நெஸ்கன்டாகாவின் தண்ணீரைப் பற்றியும் நான் கேட்கப் போகிறேன். இதைக் கேட்டால் எங்கள் விஷயம் அடிபட்டுப் போகும் என்று ஒரு நண்பர் எச்சரித்தார். ஏன் அடிபட வேண்டும் என்று கேட்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.