ஆமை புகுந்த வீடு

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. ஐதராபாத்து போன்ற நகரங்களிலோ இதற்கு நேர்மாறான நம்பிக்கை உலவக் காண்கிறோம். வீட்டில் ஆமை இருந்தால் பொருள் பெருகும், ஆயுள் நீளும் என்று நம்பி வாங்குவோர் அங்கே உளர். ஒரே உயிர் ஓரிடத்தில் கேடாகவும் மற்றோரிடத்தில் செல்வமாகவும் கருதப்படுகிறது. இவ்விரு கூற்றுகளும் பொய் என்பது சிறிது சிந்திப்பார்க்கும் விளங்கும். நன்மையும் தீமையும் நம் செயலால் விளைவன. ஓட்டுக்குள் ஒடுங்கிய ஓர் உயிர் அவற்றைச் சுமந்து வருவதில்லை.

செகந்திராபாத்தில் வாழும் நம் அன்பர் ஒருவர் இம்மூடநம்பிக்கைகளுக்கு ஆட்பட்டவரல்லர். எனினும், தம் பத்து வயது மகள் ஆசையோடு கேட்டதற்காக, நட்சத்திர ஆமைக் குட்டி ஒன்றை விலைக்கு வாங்கித் தந்தார். மூன்று திங்களுக்குள் குழந்தை அதனிடம் பேரன்பு கொண்டுவிட்டாள். இந்நிலையில், அவ்வாமை வீட்டில் வளர்க்கத் தகாதது என்று அவர் கேள்வியுற்றார். “பஞ்சசீலம் ஏற்ற நாம் இவ்வுயிரைக் கொல்லவில்லை, துன்புறுத்தவில்லை, உணவளித்துக் காக்கிறோம். இதில் குற்றம் யாது?” என்று நம்மை வினவினார். வினா நேர்மையானது, விடையும் அவ்வாறே அமைதல் வேண்டும்.

முதலில் அவ்வுயிரின் இயல்பை அறிவோம். நட்சத்திர ஆமை நீரில் வாழ்வதன்று. தென்னிந்தியாவின் வறண்ட புதர்க்காடுகளிலும், குஜராத்து, இராசத்தான் பகுதிகளிலும், இலங்கையிலும் நிலத்தில் உலவுவது. புல்லும் தழையும் பூவும் உதிர்ந்த கனியும் அதன் உணவு. மழைக்காலத்தில் சுறுசுறுப்பாய்த் திரியும். கடும் வெயிலில் புதரடியில் ஒடுங்கும். அதன் ஓடு மேலே கவிழ்த்த சட்டியன்று, முதுகெலும்பும் விலாவெலும்பும் இணைந்தமைந்த உடற்பகுதியே ஆகும், தொட்டால் உணரும். வெயில் படாவிடின் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்காது. ஓடு மெலிந்து கோணும். ஓயாத ஈரத்தில் வைத்தால் மூச்சு நோய் பற்றும்.

அன்பரின் இல்லத்தில் அது பிளாஸ்டிக் தொட்டியில், நீரில், சோறும் பாலும் இட்டு வளர்க்கப்பட்டது. குழந்தை அன்பினாலேயே அவ்வாறு செய்தாள். ஆயினும் அந்த அன்பே ஆமைக்கு நோயாயிற்று. ஆமை கத்துவதில்லை, அழுவதில்லை. அதன் துன்பம் நம் செவிக்கு எட்டாது. எட்டாத துன்பத்தை இல்லாத துன்பமென்று கொள்வது எளிது. கருணைக்கு அறிவு துணையாதல் வேண்டும் என்று தம்மம் வற்புறுத்துவதன் பொருளை இச்சிறு தொட்டியிலேயே காணலாம்.

அப்படியாயின், முறையறிந்து வளர்த்தால் குற்றம் நீங்குமோ எனின், நீங்காது. முதற்சீலத்தை நினைந்த அன்பர் இரண்டாஞ்சீலத்தை மறந்தார். கொடுக்கப்படாததைக் கொள்ளாமை அச்சீலம். விலை கொடுத்தேனே என்பார் அவர். விலை பெற்றவனுக்கு அதைக் கொடுத்தவர் யாவர்? புதர்க்காட்டிலிருந்து பிடித்து, சாக்கிலும் பெட்டியிலும் அடைத்து, உணவின்றி நெடுந்தொலைவு கடத்துகின்றனர். வழியில் மாய்வன பல. எஞ்சியதே நம் கையில் வருகிறது. உயிர்களை விற்கும் வாணிகம் இல்லறத்தார்க்கு ஆகாதென்று பகவன் புத்தர் விலக்கியுள்ளார். கொள்வார் இன்றேல் விற்பாரும் இலர். ஆதலின் அவ்வாணிகத்தில் நமக்குப் பங்கில்லை என்று கூற இயலாது.

இக்கடத்தலுக்கும் ஐதராபாத்துக்கும் தொடர்புண்டு. சிங்கப்பூரில் பிடிபட்டு இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்ட நட்சத்திர ஆமைகள் எப்பகுதியைச் சேர்ந்தவை என்பதை, ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள் மரபணு வழியே ஆராய்ந்து 2006இல் வெளியிட்டனர். தன் வீடு எதுவென்று அவ்வுயிரால் சொல்ல இயலாது. அதன் மரபணுவைக் கேட்டே அறிய வேண்டியதாயிற்று.

நாட்டின் சட்டமும் இதில் தெளிவாக உள்ளது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, இவ்வாமை புலியும் யானையும் இடம்பெற்ற முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. 2019இல் ஜெனீவாவில் கூடிய நாடுகள் இதன் உலக வாணிகத்துக்கும் தடை விதித்தன. ஆகவே, ஆமை புகுந்த வீட்டில் அமீனாவும் புகக்கூடும். பழமொழி இந்த ஒரு வகையில் மெய்யாகிவிட்டது!

இன்னுமொன்று. ஆமையை ஏற்பது நெடுங்கால வாக்குறுதி. ஐதராபாத்து நேரு உயிரியல் பூங்காவில் 1963 முதல் வாழ்ந்த கலாபகசுப் பேராமை ஒன்று 2024 மார்ச்சில் இறந்தது. அதன் வயது ஏறத்தாழ 125 என்றனர். நட்சத்திர ஆமை அவ்வளவு நீண்ட ஆயுள் உடையதன்று. எனினும் பல பத்தாண்டுகள் வாழும். பத்து வயதுச் சிறுமியின் ஆசை அத்துணைக் காலம் நிலைக்குமோ? சட்டப்படி பதிவு செய்து வளர்க்கத்தக்க வெளிநாட்டு விலங்குகளை நாடுவோரும் இவ்வினாவைத் தமக்குள் கேட்டல் நன்று. செங்காது ஆமை நாணயமளவில் வாங்கப்பட்டுத் தட்டளவு வளர்ந்ததும் ஏரியில் எறியப்படுகிறது. அங்கே நம் நாட்டு ஆமைகளின் உணவையும் இடத்தையும் பறிக்கிறது.

அவ்வாறாயின் உசேன்சாகரில் விட்டுப் புண்ணியம் தேடலாமோ எனின், அதுவும் ஆகாது. நில ஆமை நீரில் மூழ்கி இறக்கும். கண்ட புதரில் விட்டால், தன் நோயைக் காட்டு ஆமைகளுக்கும் பரப்பக்கூடும். பௌத்தம் தழைத்த தாய்லாந்தில், நீண்ட ஆயுள் வேண்டி மக்கள் குளத்தில் எறிந்த 915 நாணயங்களை விழுங்கிய கடலாமை ஒன்று 2017இல் மாண்டது. தம் ஆயுளை வேண்டியோர் அதன் ஆயுளைக் குறைத்தனர். புண்ணியம் என்ற பெயரால் செய்யப்படுவன யாவும் புண்ணியம் ஆகா.

ஆதலின் அன்பருக்கு நாம் கூறியது இது: ஆமையைத் தொட்டியிலிருந்து எடுத்து உலர்ந்த இடத்தில், வெயிலும் நிழலும் கிடைக்க வையுங்கள். தழை கொடுங்கள். காலம் தாழ்த்தாது வனத்துறையிடம் ஒப்படையுங்கள். குழந்தை அழுவாள், உறங்கும்போது எடுத்துச் சென்று, அது ஓடிவிட்டதென்று பொய் கூறாதீர்கள். உண்மையைச் சொல்லி, அவளையும் உடனழைத்துச் சென்று, அவள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள்.

நமக்கு வேண்டாததைக் கொடுப்பது எளிய ஈகை. நெஞ்சுக்கு இனியதை, அதன் நலங்கருதிக் கொடுப்பதே தானத்தின் முதற்பாடம். அப்பாடத்தைப் பத்து வயதில் கற்கும் பேறு நம்மில் பலர்க்கு வாய்க்கவில்லை. கொடுக்கப்படாததை அறியாது கொண்டோம். அறிந்தபின் கொண்டதைக் கொடுப்போம்.