உலாவுதலும் ஓரறிவுயிரும்

விடுமுறை நாளில் பூங்காவில் உலாவுதல் குற்றமாகுமா என்னும் வினா நம் இல்லங்களில் அவ்வப்போது எழுவதுண்டு. பொழுதுபோக்கிற்காக மரஞ்செடிகளிடையே திரிவது சிராவகர்க்குத் தகுமோ என்பர் முதியோர். நடப்பதில் என்ன பாவம் என்பர் இளையோர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டாதலின் இதனை ஆராய்தல் நலம்.

முதியோர் கூற்றுக்கு நூலாதாரம் உண்டு. ஆசாரியர் சமந்தபத்திரர் தம் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுவதாகிய அனர்த்ததண்ட விரதத்தைக் குணவிரதங்களுள் ஒன்றாக வைத்தார். அத்தீங்கின் ஐந்து வகைகளுள் ஒன்று பிரமாத சரியை. வீணே நிலத்தை அகழ்தல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றோடு, காரணமின்றி அலைதலையும் பிறரை அலையச் செய்தலையும் அவர் அதனுள் அடக்கினார்.

ஆயினும் 'பிரமாதம்' என்னும் சொல்லை நோக்குதல் வேண்டும். இக்காலப் பேச்சில் அது மிகச் சிறப்பு எனப் பொருள்படும்; ஆகமங்களிலோ அதன் பொருள் விழிப்பின்மை. தத்துவார்த்த சூத்திரமும் இம்சையை வரையறுக்கும்போது, விழிப்பற்ற செயலால் உயிருக்கு ஊறு நேர்தலையே குறிக்கின்றது. எனவே விலக்கத்தக்கது நடையன்று. கருத்தின்றி நடக்கும் நடையே.

இதற்குப் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவையே சான்றாகக் கொள்ளலாம். காரைக்காலிலுள்ள நம்மவர் விடுமுறையில் கடலூர் வழியே அங்குச் செல்வது வழக்கம். 1826-இல் பிரெஞ்சு ஆட்சியில் அமைந்த அப்பூங்காவில், பெரோட்டே என்னும் தாவரவியலறிஞர் பல நாட்டுச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். நாம் பேரக்குழந்தைகளுடன் சென்றபோது, அடிமரங்களில் கத்தியால் கீறிய பெயர்களைக் கண்டோம். நடப்போர் சிலர் பேசிக்கொண்டே கைக்கெட்டிய தளிரைக் கிள்ளி, இரண்டடி சென்றதும் எறிந்துவிட்டனர்.

நம் அடுக்களையில் ஒரு வேளைக்கு அரியும் காய்கறி அத்தளிரினும் மிகுதி. ஆயினும் அதற்குப் பசி என்னும் காரணம் உண்டு. தளிரைக் கிள்ளியதற்கோ காரணமே இல்லை. புல்லும் மரமும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியலும் கூறும். அவ்வோரறிவு தொடுவுணர்ச்சியாதலின், நம் விரல் படுவதொன்றையே மரம் அறியும் என்று குழந்தைகளுக்குச் சொன்னோம். அதன்பின் அவர்கள் மரத்தைத் தொட்ட முறையே வேறாயிற்று.

ஆசிரியப் பயிற்சியில் இலைகளைத் திரட்டி ஏட்டில் ஒட்டும் பாடம் உண்டு. அதற்கு உதிர்ந்த இலையே போதுமானது. நாவல் மரத்தைக் கண்ட அறுவர் கதையை நாம் அறிவோம். ஒருவன் மரத்தையே வேரோடு சாய்க்க எண்ணினான். இறுதியானவன் தரையில் உதிர்ந்த கனி போதும் என்றான். அறுவர்க்கும் பசி ஒன்றே. லேசியை மட்டும் வெவ்வேறு.

முனிவர் நான்கு முழ அளவு முன்னே நோக்கி நடப்பது ஈரியா சமிதி. பேருந்து நிலையத்து நெரிசலில் இல்லறத்தார்க்கு அது கைகூடுமா? விரைவு நம்மை விடாது. ஆனால் போய்ச்சேர வேண்டிய இடம் ஏதுமின்றி மெல்ல நடக்கும் பூங்காவில், எறும்பின் சாரையைக் கண்டு காலை மாற்றி வைக்க இயலும். ஆகவே ஓய்வு நடை, இல்லறத்தார் அந்நோன்பைச் சிறிதளவேனும் பயிலக் கிடைத்த நல்வாய்ப்பு என்போம்.

ஆதலின் பூங்காவிற்குச் செல்க. புல்வெளியை விடுத்துப் பாதையில் நடக்க. பூவைக் கண்ணால் மட்டும் கொள்க. தரையிலுள்ள உயிர் கண்ணுக்குப் புலனாகும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்புக. முதியோர் அஞ்சிய குற்றம் அப்போது நேராது. இளையோர் விரும்பிய மகிழ்ச்சியும் குறையாது.