கொடையா, கூலியா?

ஓய்வு பெறும் நாளில் கிடைக்கும் தொகைக்குப் 'பணிக்கொடை' என்று பெயர் வைத்தவர் யாரோ, கூடவே ஒரு சிக்கலையும் வைத்துவிட்டார். கொடை என்றால் கொடுப்பவர் மனம் வைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. நம்மவர்களில் பேணுதலுள்ள சிலர், "தந்தால் வாங்கிக் கொள்வோம், வழக்காடிப் பெறுவது முறைதானா?" என்று தயங்குகிறார்கள். ஆகவே இது கொடையா, கூலியா என்பதை நாம் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தினக்கூலியாக அரசுப் பணியில் நுழைந்தவர்களை இக்கேள்வி அதிகமாக வாட்டுகிறது. சத்தீஸ்கர் மாநிலத்தில் ஒருவர் 1986-இல் அவ்வாறு சேர்ந்தார். 2008-இல்தான் நிரந்தரமாக்கப்பட்டார், 2011-இல் ஓய்வு பெற்றார். பணிக்கொடைக்கு 5 ஆண்டுத் தொடர்பணி வேண்டும் என்றது 1972ஆம் ஆண்டின் சட்டம். "நிரந்தரமாக வேலை செய்தது மூன்று ஆண்டுகள்தானே, ஒன்றும் கிடையாது" என்றது அரசு. உயர்நீதிமன்றத்திலும் அவருக்கு வழி பிறக்கவில்லை. 2018-இல் உச்சநீதிமன்றமே, தினக்கூலியாக உழைத்த 22 ஆண்டுகளையும் சேர்த்து 25 ஆண்டுகளுக்கும் பணிக்கொடை தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். ஆண்டுக்கு அவ்வாறு 15 நாள். கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 25 ஆண்டுகளுக்கு 1,87,500 ரூபாய் வரும். அரசு சொன்ன கணக்கிலோ ஒரு காசும் வராது.

"அன்றன்றைய கூலியை அன்றன்றே கொடுத்தாயிற்றே, பேசாத தொகைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு?" என்று கேட்கலாம். இதைத் தள்ளிவிட முடியாது. முஸ்லிம்கள் தங்கள் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்களே. எனினும், யாவரும் அறிந்து வழக்கில் நிலைத்துவிட்ட ஒன்று வாய்விட்டுப் பேசிய நிபந்தனையைப் போன்றதே என்பதும் ஃபிக்ஹின் விதிதான். இதுவோ வெறும் வழக்கமன்று, சட்டமாகவே எழுதப்பட்டது. சட்டம் இயற்றிய அரசே 'பேசவில்லையே' என்பது எந்த ஊர் நியாயம்? அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்போரை ஸூரத்துல் முதஃப்பிஃபீன் எச்சரிக்கிறது. உழைப்பை 25 ஆண்டுகள் வாங்கிக்கொண்டு ஊதியத்துக்கு மூன்றாக அளப்பது அந்த அளவைதான்.

குகையில் அடைபட்ட மூவரின் வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. அவர்களில் ஒருவரிடம் வேலை செய்த ஆள், தன் கூலியான சிறிதளவு தானியத்தை வாங்காமலே போய்விட்டான். அவர் அதை விதைத்தார், பெருகியது, மாடுகளாயிற்று. நெடுநாள் கழித்து வந்து கூலியைக் கேட்டவனிடம் அவ்வளவையும் ஓட்டிச் செல்லச் சொன்னார். கேலி செய்கிறாரோ என்று அவன் திகைத்தான்! பெருகியதைத் தருவது அவருடைய தக்வா. ஆனால் மூலக் கூலி, எத்தனை ஆண்டு சென்றாலும் அவனுடையதாகவே இருந்தது. பணிக்கொடையும் தள்ளிவைக்கப்பட்ட கூலியே. அதைக் கேட்பது இரப்பதாகாது. வழக்காடிப் பெற்றாலும் குற்றமில்லை.

அரசை மட்டும் சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. ஐந்தாண்டு நிறையுமுன் கணக்கை முடித்து, மறுவாரம் அதே ஆளைப் புதியவராகச் சேர்க்கும் முதலாளிகள் நம்மிலும் உண்டு. ஆயுளெல்லாம் பாங்கு சொன்ன முஅத்தினாரைப் பொன்னாடையோடும் துஆவோடும் வழியனுப்பும் ஜமாஅத்துகளும் உண்டு.

கூலி என்று ஆனபின் வீட்டுக்குள்ளும் ஒரு கடமை வருகிறது. ஊழியர் மவுத்தாகிவிட்டால் அத்தொகை அவர் விட்டுச்சென்ற சொத்து. நாமினியாகப் பெயர் எழுதப்பட்டவர் அதை வாங்கி வரும் கை மட்டுமே. கடனும் வஸிய்யத்தும் போக, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று, மீதி மக்களுக்கு. குடும்ப ஓய்வூதியம் வேறு. அது இறந்தவரின் கைக்குச் சேரவேண்டியதாக இருந்ததில்லையாதலால், அரசு யாருக்கென்று தருகிறதோ அவருக்கே உரியது என்பார்கள் உலமாக்களில் பலர்.