கூத்தனுக்கு ஓர் அங்குசம்

புலவன் எழுதிவைத்த நாடகத்தை அரங்கேற்றும் நடிகன் அப்புலவனுக்கு எவ்வளவு கடமைப்பட்டவன்? எழுதியதை மட்டும் நடித்தால் போதுமா? எழுதாததையும் நடிக்கலாமா? நடிக்கலாம் எனின் அதற்கு எல்லை யாது? இவை கலை பற்றிய வினாக்களாகத் தோன்றினும், உள்ளே நிற்பது அறம் பற்றிய வினாவே. பிறர் பொருளைக் கையில் ஏற்றவன் அதனை எங்ஙனம் கையாளுதல் வேண்டும் என்பதே அது.

திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இவ்வினா அயலானதன்று. 1970-இல் இந்நகரில் தோன்றிய மார்கி நிறுவனம் கதகளியோடு கூடியாட்டத்தையும் பேணி வந்துள்ளது. அடூர் கோபாலகிருஷ்ணன் 2001-இல் 'கூடியாட்டம்' என்னும் பெயரிலேயே ஓர் ஆவணப்படம் எடுத்தார். யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் அரிய மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்ததும் அதே ஆண்டில்தான். காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மனின் மத்தவிலாசத்தைத் தன் மேடையில் வாழவைத்ததும் இக்கூடியாட்டமே. ஆதலின் தமிழர்க்கும் இதில் உரிமை உண்டு.

கூடியாட்டத்தில் ஓர் அங்கமே பல நாள் நீளும். சக்திபத்திரரின் ஆச்சரிய சூடாமணியில் கணையாழி கொண்டு இலங்கை புகும் அனுமனைப் பற்றிய அங்கம் ஒன்று உண்டு. அதனை ஆடும் சாக்கையர் தனியே நின்று, அனுமன் கோலம் மாறாமலே இராமனாகிறார், மறுகணம் சீதையாகிறார். நூலில் சில அடிகளே கொண்ட இடம் மேடையில் ஓர் இரவாக விரிகிறது.

இதனைக் கண்டித்து எழுந்த ஒரு வடமொழி நூல் உண்டு. அதன் பெயர் நடாங்குசம். நடனுக்கு அங்குசம் என்பது பொருள். ஆசிரியர் பெயர் தெரியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். 'கவி சொல்லாததை நீ எதற்கு ஆடுகிறாய்? குரங்கின் கோலத்தில் நின்று சீதையாவது எங்ஙனம் பொருந்தும்?' என்பது அந்நூலார் எழுப்பும் வினாக்களின் சாரம். அவரைக் கலை அறியாதவர் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. கவி இறந்துவிட்டான்; தன் நூலுக்காக வாதாட அவனால் இயலாது. அவன் சார்பில் ஒருவர் எழுந்து கேட்பது நியாயமே அன்றோ?

ஓருடலில் இருவரைக் காட்டுதல் பழங்கலையே என்பதற்குச் சிலப்பதிகாரம் சான்று. பறையூர்க் கூத்தச் சாக்கையன் சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் ஆடிய கொட்டிச்சேதத்தில், ஒரு பாகம் இறைவனாய் ஆட, மறு பாகம் உமையாய் அசைவற்று நின்றது. ஆனால் இது கூத்தனின் திறனுக்குச் சான்றாகுமேயன்றி உரிமைக்குச் சான்றாகாது.

உரிமைக்குச் சான்று குலசேகர வர்மரிடம் கிடைக்கிறது. சுபத்திரா தனஞ்சயம், தபதீ சம்வரணம் என்னும் நாடகங்களை இயற்றிய அம்மன்னர், அறிஞர் ஒருவரை அழைத்து, தம் சொற்களின் உட்பொருளைத் தாமே நடித்துக் காட்டினார் என்றும், அவ்வறிஞர் அதனை எழுதிவைத்தார் என்றும் அவ்வுரைநூலே கூறுகிறது. சொல்லில் அடங்காத பொருள் தன் நூலில் உண்டு என்று கவியே ஒப்புக்கொண்ட இடம் இது. எனினும் அவர் காட்டியது சொல்லின் உட்பொருளையே. எனவே நடிகனின் உரிமையும் எல்லையும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. சொல்லிலிருந்து முளைப்பதை அவன் வளர்க்கலாம். வேறிடத்தில் முளைத்ததைக் கொணர்ந்து நடலாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நெல்லைச் சீமையில் பிறந்த த. கணபதி சாஸ்திரியார் 1912 முதல் இந்நகரிலிருந்து பாசனின் நாடகங்களெனப் பதிப்பித்தவற்றுள் அபிடேக நாடகமும் ஒன்று. அதன் முதல் அங்கம் வாலிவதம். நூலில் வாலியின் இறுதி விரைவில் முடிகிறது. 2008-இல் மறைந்த அம்மன்னூர் மாதவ சாக்கையரோ, உயிர் பிரியும் அத்தறுவாயை நெடுநேரம் நடித்துப் புகழ்பெற்றார். இது மிகையா? அன்று. மறைந்து நின்று எய்தது அறமோ என்று வாலி வினவுவது நூலிலேயே உண்டு. கம்பனின் வாலியும் அவ்வாறே வினவினான். அவ்வினாவின் சுமையை நாம் உணரும்வரை அச்சாவு நீள்கிறது. இராமனைக் கொடியவனாக்கிக் காட்டியிருந்தால், அங்குசத்திற்கு அங்கே வேலை இருந்திருக்கும்.

இனி, படக்கருவியின் கடமை. குத்துவிளக்கின் முன் அமர்ந்தவன் கூத்தனின் கண்ணையும் நோக்கலாம், விரலையும் நோக்கலாம். மிழாவு முழக்குவோனையும் நோக்கலாம். படத்தில் அத்தேர்வை இயக்குநர் செய்துவிடுகிறார். ஆகவே அவரும் உரைகாரரே. மேலும், கூத்து இரவுக்கு இரவு மாறும், படம் மாறாது. நாளை மாணவன் ஒருவன், ஓர் இரவின் ஆட்டத்தையே என்றைக்குமான இலக்கணமெனக் கொள்ளும் இடர் இதில் உண்டு. அதற்காகப் படம் எடாமலிருந்தால் இழப்பு இன்னும் பெரிது. 'இஃது ஓர் ஆசானின் ஓர் இரவு' என்னும் உணர்வோடு எடுப்பதும், அவ்வுணர்வோடு காண்பதுமே தகும்.

அங்குசம் யானையைக் கொல்வதற்கன்று; வழியில் செலுத்துவதற்கே. கண்டித்தவர் நூலும், கண்டிக்கப்பட்ட ஆட்டமும் இன்றும் வாழ்கின்றன. கூத்துக் கண்டு வீடு திரும்பிய பின், மூலநூலை மீண்டும் எடுத்துப் படிக்க நம் கை நீளுமாயின், அக்கூத்தன் தன் கடனை ஆற்றிவிட்டான் எனலாம்.