பாலாலயம் இல்லாத திருப்பணி

சிதிலமான ஆலயமொன்றைப் புதுப்பிக்க முற்படும்போது, கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்பே செய்தாக வேண்டிய காரியம் ஒன்றை நம் ஆகமங்கள் விதித்திருக்கின்றன. மூலமூர்த்தியின் கலைகளைக் கும்பத்தில் ஆகர்ஷித்து, அத்திப்பலகையில் எழுதிய சித்திரத்திலோ வேறு பிம்பத்திலோ ஆவாகனம் செய்து, பாலாலயம் என்னும் சிறு இருப்பிடத்தில் எழுந்தருளச் செய்து, சாரம் கட்டி வேலை நடக்கும் மாதங்களிலும் வருஷங்களிலும் நித்திய பூஜை அங்கே தடையின்றி நடந்துவர, திருப்பணி முடிந்த பின்னரே கும்பாபிஷேகத்தின்போது அந்தச் சாந்நித்தியத்தை மூலஸ்தானத்தில் திரும்பச் சேர்ப்பார்கள். கல்லும் சுதையும் பிறகு. உள்ளே குடியிருப்பவருக்கு இடம் பார்ப்பதே முதற்காரியம்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், நம்மவர்கள் கடைத்தெரு என்றே அழைத்துவந்த மார்க்கெட் தெருவின் ஐந்தடி நடைபாதையில் ஒரு காலை வேளையில் நின்றிருந்தபோது இந்த விதி நினைவுக்கு வந்தது. எதிர்வரிசையில், பழைய கடைவீடு ஒன்றின் முகப்பிலிருந்து யாரோ எப்போதோ பூசிய சிமெண்டைக் கொத்தியெடுத்துவிட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டிருந்தார் ஒரு கொத்தனார். செங்கல் சுவர் தரையிலிருந்து உறிஞ்சும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும். சிமெண்டோ அதை உள்ளேயே அடைத்துச் சுவரை உதிர வைத்துவிடும். சுவரும் மூச்சுவிட வேண்டுமென்று இத்தனை சிரத்தை! நான் நின்ற பக்கத்தில், தலைகீழாய்க் கவிழ்த்த மரப்பெட்டியின்மேல் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பூக்காரரிடம், கடை எத்தனை வருஷ ஒப்பந்தம் என்று கேட்டேன். நாரை இழுத்து முடிச்சிட்டவாறே, "வருஷக் கணக்கெல்லாம் இல்லீங்க ஐயா, மாசத்துக்கு மாசந்தான்" என்றார்.

1966-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி முடிவதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளுக்கெல்லாம் வாடகையை உயரவொட்டாமல் பிடித்துவைத்திருந்தது. அந்த நிழலில்தான் சிறு வியாபாரிகள் தலைமுறைக் கணக்கில் தழைத்தார்கள். ஆனால், கிடைக்கும் வாடகை ஓடு மாற்றவும் போதாதென்றால் எந்தச் சொந்தக்காரன் கூரையேறிப் பார்ப்பான்? வீடுகள் ஒழுகின. சட்டம் 1997-இல் ரத்தாகி, அவகாசமும் 1999 முடிவோடு தீர்ந்தபோது, பெருவாரியானவர்கள் வெளியேற நேர்ந்தது. 2008 ஜூலை 7-ஆம் தேதி யுனெஸ்கோ அந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த பிறகு, முகப்புகள் பொலிவு பெற்றன; உள்ளே காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் வந்தமர்ந்தன. சொந்தக்காரர்களை நான் நிந்திக்க மாட்டேன். சும்மா கிடந்து இடிவதைவிடக் காப்பி விற்றாவது சுவர் நிற்பது மேல்தான்.

ஆயினும் மனம் சமாதானமடையவில்லை. நைந்த ஆடையைக் களைந்து புதியதை உடுத்தும் ஆத்மாவைப் பற்றிக் கீதை பேசுகிறது. இங்கேயோ ஆடையைத் துவைத்து இஸ்திரி போட்டுப் பத்திரப்படுத்திவிட்டு, உடுத்தியிருந்தவரை வாசலுக்கு அனுப்புகிறோம். கடைக்காரரைத் தெய்வத்தோடு ஒப்பிடுவதா என்று கேட்கலாம். போனவையெல்லாம் புதுப்பிப்பால் போனவையல்ல என்றும் சொல்லலாம்: பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகளின் லேவாதேவி ஒடுங்கியதற்கு எந்தப் புனருத்தாரணமும் காரணமில்லை. காலம் அழைத்துச் சென்ற தொழிலுக்குப் பாலாலயம் கட்ட ஒருவராலும் ஆகாது என்பதும் மெய்யே. ஆனால், மல்லிகைக்குக் காலம் முடிந்துவிடவில்லையே! பூக்காரரைப் பெயர்க்கக்கூடியது காலமன்று, வாடகை. தவிரவும், அந்நகரைப் பட்டியலில் சேர்த்தவர்கள் சொன்ன காரணங்களுள், ஆசியாவின் பல்வகைப் பண்பாடுகளுக்கும் சமயங்களுக்கும் அது உயிருள்ள சாட்சி என்பதும் ஒன்று. சுவர் எப்படி உயிருள்ள சாட்சி சொல்லும்? சொல்லக்கூடியவர் மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கிறார். அவர்களுடைய வாக்கின்படியே பார்த்தாலும், மூலவரின் ஸ்தானம் அவருக்கும் உரியது. அவருக்கு ஒரு கும்பமும் எவரும் நிறுத்தவில்லை. வேலை நடக்கும் வரையில் பக்கத்துத் தெருவில் ஒரு சிறு கடை, முடிந்ததும் பழைய இடத்திற்கே மிதமான வாடகையில் மீளும் உரிமை என்று ஒரு சீட்டும் எழுதித் தரவில்லை.

நான் புறப்பட்டபோது, கட்டி முடிந்த மாலையை வாழையிலையில் சுற்றி வாங்கிக்கொண்டு, 1833-இல் கட்டப்பட்ட குவீன் தெரு மாரியம்மன் கோயிலை நோக்கி ஒரு பையன் நடந்தான். எதிரே, இரண்டாம் பூச்சுக்குச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள்.